துவக்கு வைக்க ஆடாத இடம் தேடியவர்

முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவர் கதிரையில் உடனே உட்காரவில்லை. என் மனைவி துடைத்துப் போட்ட கதிரை. அதன் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. பிறகு குனிந்து நான்கு கால்களையும் பார்த்தார்.

"ஆட்டம் இருக்குங்க," என்றார்.

சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முதல்நாள் தாளைக் கிழித்தார். எட்டாக மடித்துப் பின்கால் ஒன்றின் கீழே சொருகினார். மறுபடியும் அமுக்கிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். அவர் எழும்பிப் போனதும் மனைவி அந்தத் தாளை இழுத்தெடுத்து விரித்துப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோ, சஷ்டி விரதம் எண்டு போட்டிருக்கு. விரத நாளைக் கொண்டுபோய்க் கதிரைக் காலுக்குக் கீழ வைச்சிட்டுப் போறாரே மனிசன்!"

அவருடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவருடைய மனைவியை அக்கா என்பேன். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களை நிலத்தில் பொருத்துகிற வேலை செய்தவர். அங்கே இருக்க முடியாமல் போன காலத்தில் குடும்பத்தோடு இறங்கி வந்து, பல இடம் மாறி, கடைசியில் மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு துண்டுக் காணி கிடைத்துத் தங்கிவிட்டார். இயந்திரம் பொருத்துகிற 'பிற்றர்' வேலை பார்த்தவர் என்பதால் ஊரார் பிற்றர் ஐயா என்று கூப்பிட்டார்கள். இங்கே பொருத்துவதற்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டரும் நெல்லுக் குத்துகிற மில்லும்தான் உண்டு. ஆனாலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

"மிசின் பழுதாகிறதில்லைங்க. அது நிக்கிற எடந்தான் பழுதாகுது," என்பார்.

தங்கள் கட்டிலின் நான்கு கால்களையும் சீமெந்து வைத்து நிலத்தோடு கட்டியிருந்தார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. "வீடு கூட்டணும்னா கட்டில நகத்த முடியாது. பொண்ணு பாக்க வந்தப்பவே என்னையும் அமுக்கிப் பாத்துருப்பாரு, பெரியவங்க இருந்தாங்கன்னு சும்மா போயிட்டாரு."

ஒருமுறை பிள்ளையார் கோயிலில் அன்னதானம். கிடாரம் ஏற்றுவதற்கு அடுப்புக் கல் மூன்றையும் போட்டாயிற்று. இவர் போய் ஒவ்வொரு கல்லாகத் தட்டி, மண்ணைத் தோண்டி, திரும்பவும் இருத்தினார். அரை மணித்தியாலம் போனது. வயல்காரர்கள் சேர்ந்த கமக்காரர் சங்கத்தின் செயலாளர் அன்று பரிமாறுகிற பொறுப்பில் நின்றார். இளம் ஆள், எதற்கும் அவசரம்.

"பிற்றர் ஐயா, சனம் பசியில நிக்குது. இனிப் பிள்ளையாரே எழும்பி வந்திடுவார்."

"வரட்டுங்க. வந்து ஏறி நின்னா கல்லு தாங்குதான்னு பாத்துக்கலாம்."

கிடாரம் சரியவில்லை. அவர் கல்லைத் தொடாமல் விட்டிருந்தால் சரிந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அவரோடு பழகியதில் எனக்கிருந்த சங்கடம் இதுதான். அவர் தடுத்ததாகச் சொல்லும் விபத்து ஒன்றையும் நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ஆகையால் நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் பயம்.

இரண்டு மூன்று வருடத்துக்கு முந்திய பெரும்போகத்தில் என் வயலில் மயில் இறங்கியது. இரண்டு ஏக்கர். அதில் விளைகிறதுதான் எங்களுக்கு வருடம் முழுவதும் சோறு. கதிர் பால் பிடிக்கிற நேரம். விடிந்ததும் எட்டு மயில் வரிசையாக வரம்பில் வந்து நிற்கும். பிறகு உள்ளே இறங்கும். தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பது அதிகம். பழைய சீலை கட்டிப் பார்த்தோம். தகரம் தட்டிப் பார்த்தோம். வெடி கொளுத்தினோம், இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் புகை அடங்குமுன் வந்து நின்றன.

என் மனைவி கல்லெடுத்து எறியவும் விடமாட்டாள். எங்கள் மகளின் கலியாணம் நல்லபடி நடந்த நாளிலிருந்து அவள் சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிறவள். "முருகன்ர வாகனம். அதின்ர மேல கல்லுப் பட்டா நான் எந்த முகத்தோட தைப்பூசத்துக்குப் பொங்கல் வைக்கிறது?" என்பாள். எனக்கும் அதே மனம்தான். ஆனால் நெல்லும் வேண்டுமே. பூசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இல்லை. முருகா, உன்னுடைய வாகனம் நோகாமல் என்னுடைய வயலையும் காப்பாற்றித் தா என்று கும்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்போதுதான் சங்கத்துக்கு ஒரு காற்றுத் துவக்கு கிடைத்தது. அரசாங்கக் கந்தோரில் பதிந்து, கையெழுத்து வைத்து, குரங்குக்கும் பன்றிக்கும் என்று தந்தது. சின்ன ஈயக் குண்டு போட்டுச் சுடுவது. சின்னதோ பெரியதோ, துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே, சண்டைக் காலத்தைக் கண்ட என் வயதுக்காரர் இந்தப் பக்கத்தில் ஓர் அடி பின்னால் வைப்பார்கள். நான் தள்ளியே நின்றேன். வழி சொன்னவர் அண்ணைதான்.

"மயில ஏன் சுடணும்? வயல் நடுவுல ஒரு கம்பு நடுவோம். பால்மா டின் மூடிய அதுல இறுக்கி அடிப்போம். குண்டு மூடியில பட்டா 'ணங்'னு கேக்கும். யாரும் நிக்காத எடத்துல, தலைக்கு மேலேயே சத்தம் வந்தா பறவை நிக்காது. கம்புக்குப் பின்னால குளக்கட்டு. தப்பின குண்டு மண்ணுல போயிரும்."

"மூடியில படாமல் மயிலில பட்டால்?" என்று கேட்டாள் என் மனைவி.

"அதுக்குத்தான் தங்கச்சி, மொதல்ல துவக்க ஆடாத எடத்துல வைக்கணும். வச்சுச் சுட்டு, குறி எங்க போகுதுன்னு பாத்து, திருகாணியத் திருப்பணும். அது சரியாயிட்டா துவக்கு தானா மூடியப் பாத்துக்கிட்டே இருக்கும். சுடுறவன் விசைய இழுத்தாப் போதும்."

ஆடாத இடம் தேடுகிற வேலை அன்று தொடங்கியது. செயலாளர் தன்னுடைய மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்துச் சுடலாம் என்றார். அண்ணை இருக்கையை ஒருமுறை அமுக்கிவிட்டு, "இது மெத்தைங்க," என்று திரும்பிவிட்டார்.

மணல் மூட்டைதான் நல்லது என்று முடிவானது. அரிப்பு என்ற ஊரின் கடற்கரையிலிருந்து வந்த உழவு இயந்திரப் பெட்டியில் மணல் மிச்சம் இருந்தது. வெள்ளை மணல், மாவு போல. உரம் வந்த பசளைப் பை ஒன்றில் நிரப்பிக் கட்டி, அவருடைய வளவில் ஒரு மேசை மேல் வைத்தார். இருபத்தைந்து அடி வைத்து நடந்தால் எதிரே ஒரு பனை. பனையில் ஒரு தாளைக் குத்தினார். துவக்கை மூட்டையில் கிடத்தினார். சுட்டது அக்கா. அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் பக்கத்தில் கொப்பியோடு நின்று, "இழு," என்பார். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு இழுப்பா.

"துவக்குப் பிடிக்கிறது அக்கா, அதிகாரம் மட்டும் அண்ணைக்கோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"சமையல்லயும் அப்பிடித்தான் தம்பி. உப்பு போடுறது நானு, உப்புப் பாக்குறது அவரு," என்றா.

காலையில் சுட்ட ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயக் குற்றிக்குள் அடங்கின. மத்தியானம் சுட்ட ஐந்தும் கீழே இறங்கிச் சிதறின. அடுத்த நாளும் அப்படித்தான். நாங்கள் துவக்கில் பிழை என்றோம். அவர் துவக்கைப் பார்க்கவேயில்லை. மூட்டையை அவிழ்த்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பு. ராத்திரிப் பனிய இழுத்துக்கிட்டுக் காலையில கட்டியா நிக்குது. வெயில் ஏறுனா காஞ்சு இளகுது. இதுல வச்சா இரும்பையும் தின்னுரும்."

கடல் மணலில் ஊர் முழுக்க வீடு கட்டியிருக்கிறோம். அதை வாயில் போட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

பிறகு உமி நிரப்பினார். குண்டுக்குக் குண்டு அது அமிழ்ந்துகொண்டே போனது. நெல் நிரப்பினார். மத்தியானம் சாப்பிடப் போய்த் திரும்பி வர, எங்கள் பசு வேலிக்குள்ளால் தலையை விட்டு மூட்டையைக் கிழித்துத் தின்றுகொண்டு நின்றது. பசளைப் பையும் வெயிலில் கிடந்து நார் நாராக உதிரத் தொடங்கியது. கடைசியில் ஆற்று மணலை எடுத்து, கழுவி, பாயில் காயவிட்டு, மாவரிக்கிற அரிதட்டில் அரித்தார். லொறி மூடின பழைய படங்குத் துணியில் தலையணை போல இரண்டு சின்னப் பை தைக்கச் சொன்னார். அக்கா வலை பின்னுகிற நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டா. முன்னால் ஒன்று, துவக்கின் பிடிக்குக் கீழே ஒன்று. "இது பத்து வருசம் கிடக்கும்," என்று தட்டிப் பார்த்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. இப்போது மேசை ஆடுகிறது என்றார். பனங்குற்றி கொண்டுவந்தோம், கறையான் தின்ற குற்றி என்று தள்ளினார். வயல் வரம்பில் பலகை போட்டோம், களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும் என்றார். பத்து நாள் போயிற்று. என் வயலின் மூலையில் ஒரு பரப்பு நிலத்துக்குக் கிட்ட நெல் சாய்ந்துவிட்டது.

செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "பிற்றர் ஐயா, நீங்கள் துவக்குக்கு மாப்பிள்ளையோ பாக்கிறியள்? நாலு சாதகம் பொருந்தேல்லை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டியள். இஞ்ச தாங்கோ."

வாங்கிக்கொண்டு போய் மோட்டார் சைக்கிள் இருக்கையில் சாய்த்து வைத்து, என் வயலில் நட்டிருந்த கம்பில் மூடியைப் பார்த்துச் சுட்டார். எனக்கும் ஆசைதான். தடுக்கவில்லை. நான் தடுத்திருக்க வேண்டும்.

'ணங்' என்று கேட்கவில்லை. ஏழு மயில் எழும்பிப் பறந்தன. ஒன்று எழும்பி, விழுந்து, சிறகடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் போயிற்று. பெட்டை மயில். நாங்கள் போய்ச் சேரும்போது கழுத்து ஒருபக்கம் சரிந்திருந்தது. செயலாளர் துவக்கை நிலத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "அண்ணை, நான் மூடியைத்தான் பாத்தனான்," என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். கந்தோருக்குத் தானே போய் நடந்ததைச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்த நேர்மையை நான் குறை சொல்லமாட்டேன்.

என் மனைவி தன் தோளில் கிடந்த துவாயால் அதை மூடினாள். குழி வெட்டினது நான். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

பின்னேரம் அண்ணை வந்தார். கதிரையை அமுக்காமல் வாசற்படியிலேயே நின்றார். தண்ணீர் கேட்டார். மனைவி செம்பை எடுக்கக் குசினிப் பக்கம் போனாள். அவருடைய கண்ணும் அவள் பின்னால் போனது. அங்கே நிலத்தில் கிடந்த அம்மியில் போய் நின்றது. எங்கள் அம்மி அகலம், ஒரு ஆள் தனியே தூக்க ஏலாது. குனிந்து கையை வைத்தார். அமுக்கினார். நெடுநேரம் அமுக்கினார்.

"தங்கச்சி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. கேக்காமலும் இருக்க முடியலை. இந்தக் கல்லு..."

அவளுக்கு விளங்கிவிட்டது. "என்ன அண்ணை கதைக்கிறியள்? என்ர பிள்ளை கலியாணத்தண்டு கால் வைச்சு மிதிச்ச கல்லு. அதில துவக்கைக் கிடத்துறதோ? ஏலாது."

அவர் கல்லிலிருந்து கையை எடுத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் விடியற்காலம் ஏழு மயிலும் வரம்பில் நின்றன. மனைவி வேலியடியில் நின்று அவற்றை எண்ணினாள். திரும்பி வந்து அம்மியைக் கழுவினாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். பிறகு வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"அண்ணை, வந்து தூக்குங்கோ. இதைப்போல ஆடாமல் நில் எண்டு சொல்லித்தானே பிள்ளையை மிதிக்க விட்டனாங்கள். ஆனால் ரெண்டு சொல்லு. துவக்கு இரும்பு என்ர கல்லில படக்கூடாது, பை நடுவில இருக்கவேணும். மற்றது, அந்த மூடி மயிலின்ர கொண்டையில இருந்து ஒரு முழம் மேல நிக்கவேணும்."

முதலாவதற்கு அவர் தலையாட்டினார். இரண்டாவதைக் கேட்டுச் சிரித்தார். "ஒரு முழம் எதுக்கு? கல்லு ஆடலைன்னா நாலு விரல் போதும் தங்கச்சி. சத்தம் காதுக்குக் கிட்டக் கேட்டாத்தான் பறவை பயப்படும். நான் கணக்குப் பாத்துத்தான் சொல்றேன்."

"உங்கட கணக்கு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு முழம் வேணும்."

இருவரும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். கடைசியில் அவர் கம்பைப் பிடுங்கி நீளக் கம்பு நட்டார், முணுமுணுத்துக்கொண்டுதான்.

அவருடைய வளவில் செங்கல் அடுக்கி, அதன் மேல் அம்மியை இருத்தி, பை இரண்டையும் வைத்து, பழையபடி பனையில் தாளைக் குத்தினார். விசையை இழுத்தது அக்காதான். காலை ஐந்து, மத்தியானம் ஐந்து, பின்னேரம் ஐந்து. பதினைந்து குண்டும் ஒரே துளை. தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அதைத் தொட்டபோது அக்கா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டா. எதற்கென்று அப்போது தெரியவில்லை.

அப்படியே எல்லாவற்றையும் என் வயலுக்கு மாற்றினோம். மேட்டில் செங்கல், அதன் மேல் கல், அதன் மேல் பை. துவக்கின் நுனியில் ஒரு சின்ன முளை, பின்னால் ஒரு பள்ளம். முளை பள்ளத்துக்குள் நின்று, அதற்கு நேரே தூரத்தில் மூடி தெரிந்தது. எல்லாம் சரி. மயில்கள் வந்தன. ஒன்று கம்படிக்கே போய் நின்று கழுத்தை நீட்டியது.

"இழுங்க தம்பி," என்றார்.

"நானோ? அக்கா இருக்கிறாவே."

"தாளுக்குன்னா சுடுவா. அந்தப் பறவை செத்ததுல இருந்து மயிலு நிக்கிற எடத்துல தொட மாட்டேங்கிறா. உங்க வயலு. உங்க கைதான்."

"அப்ப நீங்கள் சுடுங்கோ அண்ணை. இவ்வளவு நாளும் பாடுபட்டது நீங்கள்."

அவர் தன் வலக் கையை எனக்கு முன்னால் நீட்டினார். விரல்கள் தானாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. வேலியில் குந்தின தும்பி இறக்கை அடிப்பது போல, நிற்காமல்.

"பத்து வருசமா இப்பிடித்தான். நாற்காலிய அமுக்கிப் பாப்பேன்ல. ஆடுறது அதுவா நானான்னு பாக்குறதுதான் தம்பி. வேற எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?"

அந்தத் தாளைப் பார்த்து அக்கா ஏன் கண்ணைத் துடைத்தா என்று அப்போதுதான் விளங்கியது. ஊரெல்லாம் சேர்ந்து சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் என்னுடைய சிரிப்பும் இருந்தது. முருகா என்று சொல்லிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தேன்.

மூடியில் சத்தமே இல்லை. 'ணங்' கேட்கவில்லை.

என் மனைவி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் ஓடினாள். அவள் ஓடின ஓட்டத்துக்குத்தான் மயில்கள் எழும்பின. நான் துவக்கை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். கம்படியில் அவள் குனிந்தாள். ஒவ்வொரு நிரையாக நெல்லை விலக்கிப் பார்த்தாள். வாய்க்கால் வரை போனாள். பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்து விரலை மடக்கி எண்ணினாள்.

"ஏழும் போகுது!" என்று கத்தினாள். "ஒண்டும் விழேல்லை!"

நாங்களும் போய்ச் சேர்ந்தோம். அண்ணை கம்பைத் தடவித் தேடினார். மூடிக்குக் கீழே, கம்பிலேயே, குண்டு புதைந்திருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து விரலை அடுக்கி அளந்தார். கை நடுங்கியதால் மூன்று தரம் அளக்க வேண்டியிருந்தது. ஐந்து விரல்.

கல் ஆடவில்லை. பை ஆடவில்லை. அவர் திரும்பித் துவக்கு இருந்த மேட்டைப் பார்த்தார். அடி வைத்து நடந்து போனார், எண்ணிக்கொண்டே. நாற்பத்தெட்டு அடி. தன் வளவில் அவர் சுட்டுப் பார்த்தது இருபத்தைந்தில்தான், வளவு அவ்வளவுதான் நீளம். தூரம் போகப் போகக் குண்டு கீழே விழும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. நிற்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துப் போகிற இடத்தை மறந்துவிட்டார்.

திரும்பி வந்து என் மனைவிக்கு முன்னால் நின்றார்.

"என் கணக்குக்கு நாலு விரல்ல மூடி அடிச்சிருந்தா, இன்னிக்கி இன்னொண்ணு விழுந்திருக்கும் தங்கச்சி."

"விழேல்லைத்தானே அண்ணை. விடுங்கோ."

"விட முடியாது. மறுபடி குறி பாக்கணும், இந்த எடத்துலயே." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரு முழம்னீங்களே. யாரு முழம்? தம்பி கையா, உங்க கையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ர கைதான். வேற ஆற்ற?"

அவர் வரம்பில் கிடந்த ஒரு தடியை எடுத்து அவளுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார். அது அவர் கையில் நடுங்கியது. அவள் தன் முழங்கையைத் தடியின் ஒரு நுனியில் வைத்து, விரல்களை நேராக நீட்டினாள். காப்பு தடியில் பட்டுக் கிலுங்கியது. நடுவிரல் முடிகிற இடத்தில் நான் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டேன்.